வைஃபை மாறினால் லேப்டாப் செட்டிங்கும் தானாக மாறுமா? ஆபீஸ், வீடு, ஸ்டேஷன், ஹாட்ஸ்பாட்: ஒருமுறை செய்து வைக்க வேண்டியவை

டெல்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகால் ஓரம் பல பத்தாண்டுகளாக இருந்த மதராசி கேம்ப், உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள் வசித்த அந்தக் குடியிருப்பில் இருந்த சுமார் 370 வீடுகளில், 189 குடும்பங்களுக்குத்தான் முதலில் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்று சொல்லப்பட்டது. அந்த மாற்று வீடுகள் இருப்பது நரேலாவில், சுமார் 40 கி.மீ. தள்ளி. அங்கே இன்னும் மெட்ரோ போகவில்லை. ரிதாலா–நரேலா–குண்ட்லி வழித்தடத்துக்கு 2024 டிசம்பரில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

வீடு மாறிவிடும். வேலை அவ்வளவு சீக்கிரம் மாறாது. அந்தக் கேம்ப்பில் வளர்ந்து, இன்று ஆபீஸ் வேலையில் இருக்கும் ஒருவரின் நாளை யோசித்துப் பாருங்கள். காலையில் நரேலா வீட்டில் மொபைல் ஹாட்ஸ்பாட். பகலில் ஆபீஸ் வைஃபை. சாயங்காலம் நிஜாமுதீன் ஸ்டேஷனில் ரயில்வேயின் இலவச வைஃபை. வார இறுதியில் ஜங்புராவில் இருக்கும் சித்தி வீட்டு பிராட்பேண்ட். ஒரே லேப்டாப், ஒரே நாளில் மூன்று, நான்கு நெட்வொர்க்குகள்.

இது அவருக்கு மட்டும் உள்ள நிலைமை இல்லை. சென்னை ஓ.எம்.ஆரில் பிஜியில் தங்கி வேலை பார்க்கும் நீங்களும், பெங்களூருவில் பாதி நாள் ஆபீஸ், பாதி நாள் வீடு என்று ஓடும் உங்கள் ஃபிரெண்டும் இதே நிலைமைதான். பிரச்னை எங்கே வருகிறது என்றால், ஆபீஸுக்காக போட்ட செட்டிங் வீட்டுக்கு வந்ததும் நெட்டை நிறுத்திவிடும். வீட்டில் திறந்து வைத்த ஷேரிங், ஸ்டேஷனிலும் திறந்தே கிடக்கும். ஹாட்ஸ்பாட்டில் இணைத்த பத்து நிமிடத்தில் அப்டேட் ஓடி, அன்றைய டேட்டா காலியாகிவிடும். இன்டர்வியூ 10 மணிக்கு, 9.50-க்கு நெட் வரவில்லை என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

ஒவ்வொரு முறையும் கையால் மாற்றாமல், இணையும் வைஃபையைப் பார்த்து லேப்டாப்பே செட்டிங்கை மாற்றிக்கொள்ள வைக்க முடியுமா? முடியும். பெரும்பாலானவற்றுக்குத் தனி சாஃப்ட்வேர்கூட தேவையில்லை.

சுருக்கமாக

• விண்டோஸ் 11, ஒவ்வொரு வைஃபைக்கும் ஐபி, டிஎன்எஸ், ஃபயர்வால் நிலை, டேட்டா சிக்கனம் ஆகியவற்றைத் தனித்தனியாக நினைவில் வைக்கும். நீங்கள் ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போதும்.
• புராக்ஸி மட்டும் அப்படி இல்லை. அதற்கு டாஸ்க் ஷெட்யூலர் அல்லது பேக் ஃபைல் வேண்டும்.
• மேக்கில் 'லொகேஷன்' என்ற வசதி உண்டு, ஆனால் அது தானாக மாறாது. லினக்ஸில் கிட்டத்தட்ட எல்லாமே நெட்வொர்க் வாரியாகச் சேமிக்கப்படும்.
• வைஃபையின் பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். அதனால் பாதுகாப்பைத் தளர்த்தும் முடிவைப் பெயரை மட்டும் நம்பி எடுக்கக் கூடாது.

எந்தெந்த செட்டிங்குகள் இடத்துக்கு இடம் மாற வேண்டும்?

ஐபி முகவரி: நெட்வொர்க்குக்குள் உங்கள் லேப்டாப்பின் கதவு எண். வழக்கமாக ரவுட்டரே இதை ஒதுக்கிக் கொடுக்கும். இந்த முறைக்கு டிஹெச்சிபி என்று பெயர். சில ஆபீஸ்களிலும் லேப்களிலும் மட்டும் நிரந்தர எண்ணைக் கையால் போடச் சொல்வார்கள்.

டிஎன்எஸ்: இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் டைரக்டரி. ஆபீஸுக்குள் மட்டும் திறக்கும் தளங்களுக்கு ஆபீஸின் டிஎன்எஸ் வேண்டும். வீட்டில் பலர் 1.1.1.1 அல்லது 8.8.8.8 போட்டு வைத்திருப்பார்கள்.

புராக்ஸி: உங்கள் இணையப் போக்குவரத்து வெளியே போகும் முன் கடக்க வேண்டிய இடைநிலை சர்வர். காலேஜ்களிலும், வங்கி, அரசு அலுவலகங்களிலும் அதிகம் பார்க்கலாம்.

ஃபயர்வால் நிலை: விண்டோஸில் 'பப்ளிக்', 'பிரைவேட்' என்று இரண்டு. பிரைவேட் என்றால் அதே நெட்வொர்க்கில் உள்ள மற்ற கருவிகளுக்கு உங்கள் லேப்டாப் தெரியும், ஃபைல், பிரிண்டர் ஷேரிங் நடக்கும். பப்ளிக் என்றால் கதவு சாத்தியிருக்கும்.

மீட்டர்ட் கனெக்‌ஷன்: "இந்த நெட்டுக்கு அளவு உண்டு, பார்த்து செலவு செய்" என்று லேப்டாப்புக்குச் சொல்லும் பட்டன்.

விபிஎன்: வெளியிடங்களில் ஆபீஸ் சிஸ்டத்துக்குள் நுழையும் பாதுகாப்பான சுரங்கப்பாதை. ஆபீஸுக்குள்ளேயே இருக்கும்போது பெரும்பாலும் தேவையில்லை.

ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்: உங்கள் வைஃபை கார்டின் நிஜ அடையாள எண்ணான மேக் முகவரியை மறைத்து, வேறு எண்ணைக் காட்டும் வசதி. வெளியிடத்தில் நல்லது. ஆனால் மேக் முகவரியைப் பதிவு செய்து வைத்துத்தான் உள்ளே விடுவேன் என்கிற ஹாஸ்டல், ஆபீஸ் நெட்வொர்க்குகளில் இதனாலேயே இணைப்பு கிடைக்காது.

ஒரே செட்டிங் எல்லா இடத்துக்கும் ஏன் சரிவராது?

ஒரு உதாரணம். ஆபீஸில் ஐபி 10.20.5.50, கேட்வே 10.20.5.1 என்று கையால் போட்டிருக்கிறீர்கள். வீட்டு ரவுட்டர் இருப்பதோ 192.168.1.1-ல். வீட்டுக்கு வந்து வைஃபை இணைத்தால் சிக்னல் முழுசாக இருக்கும், 'கனெக்டட்' என்றும் காட்டும். ஆனால் லேப்டாப், அந்த வீட்டில் இல்லாத 10.20.5.1 என்ற வாசலைத் தேடிக்கொண்டிருக்கும். நெட் வராது. ரவுட்டரை நாலு முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் வராது, ஏனென்றால் தப்பு ரவுட்டரில் இல்லை.

டிஎன்எஸ் கதையும் இதே மாதிரிதான். ஆபீஸுக்குள் மட்டும் எட்டக்கூடிய டிஎன்எஸ் எண்ணை நிரந்தரமாகப் போட்டுவிட்டால், வெளியே எந்தத் தளத்தின் பெயருக்கும் பதில் கிடைக்காது. புராக்ஸியைப் போட்டுவிட்டு மறந்தால் பிரவுசர் திறக்கும், பக்கம் மட்டும் திறக்காது.

விண்டோஸ் 11: ஸ்கிரிப்ட் இல்லாமலே செய்யக்கூடியவை

பலரும் தவறவிடும் இடம் இது. விண்டோஸில் டிஎன்எஸ், ஐபி மாற்றுவதற்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று வைஃபை கார்டு முழுவதற்கும் பொதுவானது. இன்னொன்று அந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் உரியது. பொதுவான இடத்தில் போட்டால் போகும் இடமெல்லாம் கூடவே வரும். நெட்வொர்க்குக்கு உரிய இடத்தில் போட்டால் அந்த வைஃபையில் இருக்கும்போது மட்டும் வேலை செய்யும். இந்த இரண்டாவதுதான் நமக்கு வேண்டிய தானியங்கி வசதி.

வழி: செட்டிங்ஸ் > நெட்வொர்க் அண்டு இன்டர்நெட் > வைஃபை > மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ். இதுவரை நீங்கள் இணைத்த எல்லா வைஃபைகளின் பட்டியலும் இங்கே இருக்கும். ஆபீஸ் வைஃபையின் பெயரை கிளிக் செய்யுங்கள். உள்ளே இருப்பவை:

1. நெட்வொர்க் வகை: வீட்டுக்கு மட்டும் பிரைவேட். மற்ற எல்லாவற்றுக்கும் பப்ளிக். விண்டோஸ் 11 புது வைஃபையை முதலில் பப்ளிக் என்றுதான் எடுத்துக்கொள்ளும், அதை அப்படியே விடுங்கள். நாலு பேர் பகிரும் பிஜி வைஃபையும் பப்ளிக்தான், அது உங்கள் 'வீடு' என்றாலும்.

2. மீட்டர்ட் கனெக்‌ஷன்: உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டின் பெயருக்குள் போய் இதை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான விண்டோஸ் அப்டேட்கள் தானாக டவுன்லோட் ஆகாது, ஒன்டிரைவ் சின்க் நின்றுவிடும். தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி பேக்கில் ஓட்டுபவர்களுக்கு இந்த ஒரு பட்டன் பெரிய உதவி. வீட்டு பிராட்பேண்டுக்குத் திரும்பியதும் எல்லாம் பழையபடி ஓடும், நீங்கள் எதையும் தொட வேண்டாம்.

3. ஐபி அசைன்மென்ட், டிஎன்எஸ் அசைன்மென்ட்: ஆபீஸ் கேட்கும் எண்களை ஆபீஸ் வைஃபைக்குள் மட்டும் போடுங்கள். மற்றவை 'ஆட்டோமேட்டிக்' நிலையிலேயே இருக்கட்டும்.

4. ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்: ஸ்டேஷன், கஃபே, ஏர்போர்ட் வைஃபைகளுக்கு ஆன். மேக் முகவரி பதிவு செய்த ஆபீஸுக்கு ஆஃப். (சில வைஃபை கார்டுகளில் இந்த வசதி இருக்காது.)

இப்படிச் செய்தும் டிஎன்எஸ் மாறவில்லையா? அந்தப் பக்கத்திலேயே "எல்லா வைஃபைகளுக்கும் டிஎன்எஸ் செட் செய்யப்பட்டுள்ளது, கீழே உள்ளவை பயன்படாது" என்ற பொருளில் ஒரு குறிப்பு வரலாம். எப்போதோ யாரோ பொதுவான இடத்தில் ஒரு எண்ணைப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வைஃபை > ஹார்டுவேர் பிராப்பர்ட்டீஸ் பகுதிக்குப் போய் அதை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கினால் சரியாகிவிடும்.

இன்னொரு பழைய வசதியும் உண்டு. கன்ட்ரோல் பேனல் வழியாக ஐபிவி4 அமைப்புகளுக்குப் போனால், 'ஆல்டர்னேட் கான்ஃபிகரேஷன்' என்ற டேப் இருக்கும். முதலில் ரவுட்டரிடம் ஐபி கேட்கும். யாரும் பதில் சொல்லவில்லை என்றால் நீங்கள் எழுதி வைத்த நிரந்தர எண்ணுக்கு மாறும். வீட்டில் டிஹெச்சிபி, ஆபீஸில் கேபிள் வழியாக நிரந்தர எண் என்று இரண்டே இடம் உள்ளவர்களுக்கு இது போதும்.

அதைவிட எளிது: வீட்டு பிரிண்டருக்காகவோ சர்வருக்காகவோ நிரந்தர ஐபி வேண்டும் என்றால், லேப்டாப்பைத் தொடாமல் ரவுட்டரில் 'டிஹெச்சிபி ரிசர்வேஷன்' போடுங்கள். லேப்டாப் எப்போதும்போல ஐபி கேட்கும், ரவுட்டர் எப்போதும் அதே எண்ணைத் தரும். ஒரே நிபந்தனை, அந்த வைஃபைக்கு ரேண்டம் அட்ரஸ் ஆஃப் ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் ரவுட்டருக்கு உங்களை அடையாளம் தெரியாது.

புராக்ஸி மட்டும் ஏன் தனிக் கதை?

விண்டோஸின் புராக்ஸி செட்டிங் வைஃபை வாரியாகச் சேமிக்கப்படுவதில்லை. ஆன் செய்தால் எல்லா வைஃபைக்கும் ஆன். இதற்கு இரண்டு தீர்வுகள்.

முதல் வழி, பேக் ஃபைல். இது ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல். ஒவ்வொரு முகவரிக்கும் "புராக்ஸி வழியாகப் போ" அல்லது "நேராகப் போ" என்று பதில் சொல்லும். உங்கள் லேப்டாப்பின் ஐபி எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்த்தும் முடிவு எடுக்க வைக்கலாம்: 10.20-ல் ஆரம்பித்தால் ஆபீஸ், புராக்ஸி வழி. இல்லையென்றால் நேர்வழி. உங்கள் ஆபீஸில் ஏற்கெனவே இப்படி ஒரு ஃபைல் இருக்க வாய்ப்பு அதிகம். ஐடி டீமிடம் அதன் முகவரியைக் கேட்டு, செட்டிங்ஸ் > நெட்வொர்க் அண்டு இன்டர்நெட் > புராக்ஸி பக்கத்தில் 'யூஸ் செட்டப் ஸ்கிரிப்ட்' என்ற இடத்தில் போட்டால் வேலை முடிந்தது.

அதே பக்கத்தில் 'ஆட்டோமேட்டிக்காகக் கண்டுபிடி' என்ற பட்டனும் இருக்கும். நெட்வொர்க்கே புராக்ஸியைச் சொல்லட்டும் என்பது இதன் பொருள். நம்பக்கூடாத நெட்வொர்க்கில் இதே வசதியை வைத்து உங்கள் போக்குவரத்தைத் திருப்பிவிட முடியும். அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவு 2016-லேயே இதில் உள்ள ஓட்டை பற்றி எச்சரித்தது. ஆபீஸில் தேவை என்று சொன்னால் தவிர, ஆஃப் செய்து வைப்பது நல்லது.

இரண்டாவது வழி, டாஸ்க் ஷெட்யூலர். விண்டோஸ் ஒவ்வொரு முறை நெட்வொர்க்கில் இணையும்போதும் தன் டைரியில் ஒரு குறிப்பு எழுதும். அந்தக் குறிப்பின் எண் 10000. துண்டிக்கப்பட்டால் 10001. "10000 எழுதப்பட்டதும் இந்த வேலையைச் செய்" என்று சொல்லிவிட்டால் போதும்.

செய்முறை:

1. டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து 'கிரியேட் டாஸ்க்' கொடுங்கள். 'ஆபீஸ் புராக்ஸி ஆன்' என்று பெயர் வைக்கலாம்.

2. டிரிக்கர்ஸ் டேப்பில் 'ஆன் அன் ஈவென்ட்' தேர்வு செய்யுங்கள். லாக் என்ற இடத்தில் மைக்ரோசாஃப்ட்-விண்டோஸ்-நெட்வொர்க்புரொஃபைல் பகுதியின் 'ஆபரேஷனல்', சோர்ஸ் என்ற இடத்தில் 'நெட்வொர்க்புரொஃபைல்', ஈவென்ட் ஐடி 10000.

3. ஆக்‌ஷன்ஸ் டேப்பில் புராக்ஸியை ஆன் செய்யும் ஸ்கிரிப்டைக் கொடுங்கள். ரெஜிஸ்ட்ரியில் 'புராக்ஸிஎனேபிள்' என்ற மதிப்பை 1 ஆக்கினால் ஆன், 0 ஆக்கினால் ஆஃப். ஒரே வரி பவர்ஷெல் கட்டளையில் முடியும்.

4. கண்டிஷன்ஸ் டேப்தான் முக்கியம். கடைசியில் 'இந்த நெட்வொர்க் இணைப்பு இருந்தால் மட்டும் ஆரம்பி' என்ற பொருளில் ஒரு பெட்டி இருக்கும். அதை டிக் செய்து உங்கள் ஆபீஸ் வைஃபையைத் தேர்வு செய்யுங்கள். ஸ்கிரிப்டுக்குள் வைஃபை பெயரைத் தேட வேண்டிய வேலையே மிச்சம்.

5. அதே டேப்பில், 'கரண்டில் இருந்தால் மட்டும் ஓடு' என்ற பெட்டி ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். "வீட்டில் டெஸ்ட் பண்ணப்போ ஓடிச்சு, ஆபீஸ்ல ஓடல" என்று குழம்ப வைப்பது பெரும்பாலும் இதுதான். வீட்டில் சார்ஜர் போட்டிருந்தீர்கள், ஆபீஸில் போடவில்லை.

6. இதேபோல இன்னொரு டாஸ்க்: வீட்டு வைஃபை, மதிப்பு 0. ஹாட்ஸ்பாட்டுக்கு ஒன்று வேண்டும் என்றால் மூன்றாவது.

புராக்ஸி மாறியதும் பிரவுசரை ஒருமுறை மூடித் திறங்கள். டிஎன்எஸ், ஐபியை ஸ்கிரிப்ட் வழியாக மாற்றுவதாக இருந்தால், ஜெனரல் டேப்பில் 'ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' டிக் செய்ய வேண்டும். அதற்கு அட்மின் உரிமை தேவை.

ஸ்கிரிப்டிலேயே வைஃபை பெயரைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து, வைஃபை விவரங்களைக் கேட்கும் பழைய நெட்ஷெல் கட்டளைக்கு லொகேஷன் அனுமதி வேண்டும். சுற்றியுள்ள வைஃபைகளை வைத்து நீங்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்பதே காரணம். பழைய ஸ்கிரிப்ட் திடீரென்று நின்றுபோயிருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு

சிஸ்டம் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் உள்ள மூன்று புள்ளி மெனுவில் 'லொகேஷன்ஸ்' இருக்கும். ஆபீஸ், வீடு என்று இரண்டு உருவாக்கி, ஒவ்வொன்றிலும் ஐபி, டிஎன்எஸ், புராக்ஸி எல்லாவற்றையும் தனித்தனியாக வைக்கலாம். பிறகு ஆப்பிள் மெனுவிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். இரண்டு கிளிக், எல்லாம் மொத்தமாக மாறும். ஆனால் வைஃபையைப் பார்த்துத் தானாக மாறாது. அதற்கு டெர்மினலில் லொகேஷனை மாற்றும் கட்டளையை, நெட்வொர்க் மாறும்போது ஓடும் ஒரு ஸ்கிரிப்டில் வைக்க வேண்டும். நாளுக்கு இரண்டு முறைதான் மாற்றுகிறீர்கள் என்றால், அந்த இரண்டு கிளிக்கே போதும்.

தானாக வேலை செய்வது 'லோ டேட்டா மோட்'. ஹாட்ஸ்பாட்டின் விவரங்களுக்குள் போய் இதை ஆன் செய்தால், அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் நினைவில் இருக்கும். விண்டோஸின் மீட்டர்ட் கனெக்‌ஷனுக்கு இணையான வசதி இது.

லினக்ஸ் என்றால்

உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றில் இருக்கும் 'நெட்வொர்க்மேனேஜர்', ஒவ்வொரு வைஃபையையும் ஒரு தனிக் கோப்பாகவே வைத்திருக்கும். ஐபி, டிஎன்எஸ், மீட்டர்ட் நிலை, ஃபயர்வால் மண்டலம் எல்லாம் அதற்குள்ளேயே. 'இந்த வைஃபையில் இணைந்ததும் இந்த விபிஎன்னையும் இணை' என்று ஒரு டிக்கும் போடலாம். இதற்கு மேல் ஏதாவது வேண்டும் என்றால் 'டிஸ்பாட்சர்' ஃபோல்டரில் ஒரு ஸ்கிரிப்டைப் போட்டால், ஒவ்வொரு முறை நெட் இணையும்போதும் துண்டிக்கும்போதும் அது ஓடும். எந்த வைஃபை என்ற பெயரையும் சிஸ்டமே ஸ்கிரிப்டுக்குக் கொடுத்துவிடும்.

வைஃபை பெயரை நம்பலாமா?

நம்பக் கூடாது. வைஃபையின் பெயர் கடைப் பலகை மாதிரி. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் எழுதி மாட்டலாம். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒருவர் தன் மொபைலில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து, ரயில்வே வைஃபையின் பெயரையே வைத்துவிட்டால், பாஸ்வேர்டு இல்லாத அந்தப் பெயரைப் பார்த்ததும் உங்கள் லேப்டாப் தானாகவே இணைந்துவிடலாம். இதை 'ஈவில் ட்வின்' என்பார்கள்.

அதனால் ஒரு எளிய விதி. பாதுகாப்பை இறுக்கும் மாற்றத்தைத் தானாக நடக்க விடுங்கள். தளர்த்தும் மாற்றத்துக்குக் கூடுதல் அடையாளம் கேளுங்கள். அதாவது, "தெரியாத நெட்வொர்க் என்றால் விபிஎன் ஆன்" என்பது சரி. "ஆபீஸ் பெயர் தெரிந்தால் விபிஎன் ஆஃப், ஷேரிங் ஆன்" என்று பெயரை மட்டும் வைத்துச் செய்வது ஆபத்து. நல்ல பாஸ்வேர்டு உள்ள வைஃபையில் ஆபத்து குறைவு, ஏனென்றால் பாஸ்வேர்டு தெரியாதவரால் அதே பெயரில் உங்களை இணைக்க முடியாது. திறந்த வைஃபையில் அந்தக் காவல் இல்லை.

வயர்கார்டு போன்ற விபிஎன் செயலிகளின் மேக் பதிப்பில், 'ஆன்-டிமாண்ட்' என்ற வசதியில், 'இந்த வைஃபைகளைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் ஆன்' என்று சொல்லலாம். விண்டோஸின் சொந்த விபிஎன் வசதி பெயரைப் பார்ப்பதில்லை. நெட்வொர்க் தரும் டிஎன்எஸ் பின்னொட்டைப் பார்த்து நம்பகமான இடமா என்று முடிவு செய்யும். ஆபீஸ் டொமைனில் சேர்ந்த லேப்டாப் என்றால், டொமைன் சர்வரிடம் அடையாளம் உறுதியான பிறகுதான் ஃபயர்வால் 'டொமைன்' நிலைக்கு மாறும். ஐடி டீம்கள் நம்புவது இந்தக் கடைசி முறையைத்தான்.

காசு கொடுத்து வாங்கும் விபிஎன் பற்றி ஒரு வார்த்தை. இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இதனால் எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் போன்றவை இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்காக நடத்தும் விபிஎன்னுக்கு இந்த விதி பொருந்தாது.

ஸ்டேஷன் வைஃபையில் ஓடிபி பக்கம் வரலையா?

ரயில் நிலைய வைஃபை 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுளின் துணையோடு ஆரம்பித்தது. இப்போது ரயில்டெல் நடத்துகிறது. மொபைல் எண், ஓடிபி கொடுத்தால் தினம் முதல் 30 நிமிடம் இலவசம். டீக்கடை, மளிகைக் கடையே வைஃபை விற்கலாம் என்கிற பிஎம்-வானி திட்டத்துக்கு 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பொது வைஃபைகளில் பெரும்பாலும் முதலில் ஒரு லாகின் கட்டத்தைத் தாண்ட வேண்டியிருக்கும்.

அந்த லாகின் பக்கம் உங்களுக்கு வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் உங்கள் செட்டிங்தான். லாகின் முடியும் வரை அந்த நெட்வொர்க் உங்களை வெளியே விடாது. ஆனால் நீங்கள் கையால் போட்ட டிஎன்எஸ்ஸோ, எப்போதும் ஆன் விபிஎன்னோ, பிரவுசரின் 'செக்யூர் டிஎன்எஸ்'ஸோ நேராக வெளியே போக முயலும். இரண்டும் முட்டிக்கொள்ளும். விபிஎன்னை நிறுத்தி, அந்த வைஃபைக்கு டிஎன்எஸ்ஸை ஆட்டோமேட்டிக் ஆக்கி, ஓடிபி போட்டு உள்ளே போய், பிறகு விபிஎன்னை ஆன் செய்யுங்கள். பொது வைஃபைகளுக்கு 'தானாக இணை' என்ற டிக்கை எடுத்துவிடுவதும் நல்லது.

ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பா? கை வைக்கும் முன்

ஆபீஸ் லேப்டாப்பில் புராக்ஸி, விபிஎன், ஃபயர்வால் எல்லாம் ஐடி டீமின் கட்டுப்பாட்டில் இருக்கும். நீங்கள் மாற்றினாலும் அடுத்த முறை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதோடு, நிறுவனக் கொள்கையை மீறியதாகக் கேள்வியும் வரலாம். மீட்டர்ட் கனெக்‌ஷன், பப்ளிக் நிலை இரண்டும் பொதுவாகத் தொந்தரவு இல்லாதவை. புராக்ஸி, விபிஎன் பக்கம் போகும் முன் ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். "வீட்டிலிருந்து வேலை செய்தால் நெட் வரவில்லை" என்று சொன்னால், பேக் ஃபைலோ சரியான விபிஎன் செட்டிங்கோ அவர்களே தருவார்கள்.

வைஃபை இருக்கு, நெட் இல்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

1. புராக்ஸி ஆன் ஆக இருக்கிறதா? முதல் சந்தேகம் எப்போதும் இதன் மேல்தான். ஃபயர்ஃபாக்ஸுக்குள் தனியாகவும் ஒரு புராக்ஸி செட்டிங் உண்டு.

2. ஐபி என்ன? 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டர் எண் எதுவும் தரவில்லை. ரவுட்டர் பக்கமோ, மேக் முகவரித் தடையோ காரணம்.

3. ஐபி வரிசையும் கேட்வேயும் இந்த இடத்துக்கு உரியவையா? ஆபீஸ் எண் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த வைஃபைக்கு 'ஆட்டோமேட்டிக்' கொடுங்கள்.

4. வாட்ஸ்அப் வேலை செய்கிறது, தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் அல்லது புராக்ஸி.

5. எதுவும் புரியவில்லை, நேரமும் இல்லை என்றால், அந்த வைஃபைக்கு 'ஃபர்கெட்' கொடுத்து மறுபடி இணையுங்கள். அந்த நெட்வொர்க்குக்காக மட்டும் போட்ட செட்டிங் எல்லாம் அழிந்துவிடும். புராக்ஸி மட்டும் அழியாது, அதைக் கையால்தான் அணைக்க வேண்டும்.

எதில் ஆரம்பிப்பது?

எல்லாவற்றையும் இன்றைக்கே செய்ய வேண்டியதில்லை. ஹாட்ஸ்பாட்டை மீட்டர்ட் ஆக்குவதும், பொது வைஃபைகளுக்குத் தானாக இணைவதை நிறுத்துவதும் ஐந்து நிமிட வேலை. இரண்டையும் எல்லோரும் செய்யலாம். ஆபீஸின் ஐபி, டிஎன்எஸ்ஸைப் பொதுவான இடத்திலிருந்து எடுத்து ஆபீஸ் வைஃபைக்குள் மாற்றுவது இன்னொரு பத்து நிமிடம். டாஸ்க் ஷெட்யூலர், உண்மையில் புராக்ஸி உள்ளவர்களுக்கு மட்டும்.

நரேலாவிலிருந்து வேலைக்குப் போகிறவர் சமய்பூர் பாத்லி வரை பஸ், அங்கிருந்து மஞ்சள் லைன், காஷ்மீரி கேட்டில் வயலட் லைன் என்று மாறி மாறித்தான் ஜங்புராவுக்கு வர வேண்டும். அந்த மாற்றங்களைக் குறைக்கிற வேலை அரசுடையது. லேப்டாப்பில் செய்ய வேண்டிய மாற்றங்களையாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்துவிடலாம். அதற்குப் பிறகு இன்டர்வியூவுக்குப் பத்து நிமிடம் முன்பு, எந்த வைஃபையில் உட்கார்ந்திருந்தாலும், நீங்கள் கவலைப்பட வேண்டியது கேள்விகளைப் பற்றி மட்டும்தான்.